இரண்டாவது அடி

உதைபந்தாட்ட மைதானத்தில் இரண்டாவதாக அடிப்பவன்தான் பெரும்பாலும் பிடிபடுவான். பதினைந்து வயதுப் பொடியன் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குதிக்காலில் ஓர் உதை விழும். பந்து அதற்குள் மறுபக்கம் போயிருக்கும், நடுவரின் கண்ணும் பந்தோடு போயிருக்கும். விழுந்தவன் எழும்பித் திரும்பி, உதைத்தவனின் நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளுவான். அப்போதுதான் சனம் கத்தும், நடுவர் திரும்புவார், சிவப்பு அட்டை வெளியே வரும். முதல் உதைக்குச் சாட்சியே இராது. உடற்கல்வி ஆசிரியராகவும் வலயப் போட்டிகளில் விசில் பிடிப்பவனாகவும் யாழ்ப்பாணக் குடாநாட்டு மைதானங்களில் நான் கழித்த காலத்தின் பெரும்பகுதி, இந்த முதலாவது அடிக்கும் இரண்டாவது அடிக்கும் இடையில் கிடக்கும் சில விநாடிகளோடுதான் போயிருக்கிறது.

உலகக் கிண்ணத்திலும் இதுவேதான் நடந்தது. 2006 ஜூலை 9, பேர்லினில் இறுதியாட்டம். 110ஆவது நிமிடத்தில் பிரான்சின் சினடின் சிடான், இத்தாலியின் மார்க்கோ மற்றெராசியின் நெஞ்சில் தலையால் முட்டினார். நடுவர் ஒராசியோ எலிசொண்டோ அதை நேரே காணவில்லை. நான்காவது நடுவர் சொல்லித்தான் சிவப்பு அட்டை காட்டினார். வீட்டாரைப் பற்றிப் பேசிச் சீண்டிய மற்றெராசிக்கு மைதானத்தில் ஒரு தண்டனையும் இல்லை. அதற்கு எட்டு வருடம் முன்பு, 1998இல், பிரான்சின் சென் எற்றியன் நகரில் ஆர்ஜென்ரீனாவின் டியேகோ சிமியோனே பின்னாலிருந்து இடித்து விழுத்த, இங்கிலாந்தின் டேவிட் பெக்கம் குப்புறக் கிடந்தபடியே காலை மடக்கி அவரைத் தட்டினார். இடித்தவருக்கு மஞ்சள், தட்டியவருக்குச் சிவப்பு. பத்துப் பேரோடு விளையாடிய இங்கிலாந்து பெனால்ரியில் வெளியேறியது.

இந்தக் கதைகளைச் சொன்னால் வகுப்பில் ஒருவனாவது கேட்பான்: “வீட்டாக்களைப் பற்றிக் கதைச்சா விடுறதோ சேர்? சிடான் செய்தது சரிதானே?” நான் சரி பிழை பேசுவதில்லை. “அண்டைக்கு ஆட்டம் பெனால்ரிக்குப் போனது. அடிக்க ஆள் தேவைப்பட்ட நேரம் சிடான் எங்கை நிண்டவர்?” என்று மட்டும் கேட்பேன். பிரான்ஸ் அந்தப் பெனால்ரியில்தான் கிண்ணத்தை இழந்தது. பொடியள் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.

குடாநாட்டில் உதைபந்து ஊரோடு பிணைந்தது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று ஊரின் பெயரைச் சொன்னாலே ஓர் அணி நினைவில் வரும். சென் மேரிஸ், சென் அன்ரனிஸ் என்று கழகங்களுக்குப் புனிதர்களின் பெயர்கள். சம்பத்தரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி, தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி என்று பாடசாலைப் பெருமை இன்னொரு பக்கம். யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை என லீக்குகளும் தனித்தனியே இயங்குகின்றன. கிழமை நாளில் கல்லூரி ஜேர்சி போடுகிற அதே பொடியன், சனி ஞாயிறில் ஊர்க் கழகத்தின் ஜேர்சி போடுகிறான். இரவில் மின்னொளியில் ஏழு பேர், ஒன்பது பேர் கொண்ட சுற்றுப்போட்டிகளிலும் நிற்கிறான். போன மாதம் மின்னொளியில் வாங்கிய இடியின் கணக்கை இந்த மாதம் வலயப் போட்டியில் தீர்க்கப் பார்ப்பான். நடுவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆட்டத்துக்கு முதல் நாள் என் அணியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “அந்த ரீமிலை ஆரோடை ஆருக்குக் கொழுவல் இருக்கு?” என்பதுதான். ஒளிக்காமல் சொல்வார்கள். சொன்ன இருவரையும் மைதானத்தில் ஒரே பக்கத்தில் நிற்கவிடாமல் அணியை அமைப்பேன்.

முரட்டு ஆட்டம் எல்லாமே கெட்ட மனத்திலிருந்து வருவதில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட அணியொன்றை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை கறுத்துத் தோள் அகன்றிருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. இருவரும் ஒரே பந்துக்குப் போனால் சின்னவன் தூக்கி எறியப்படுவான், பெரியவன் ஒரு குற்றமும் செய்திருக்கமாட்டான். நிலமும் சேர்ந்துகொள்கிறது. வலிகாமத்துச் செம்மண் கோடையில் இறுகிக் கிடக்கும். தொலைக்காட்சியில் புல்தரை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதில் சறுக்கிப் பந்தெடுக்கப் போனால் சறுக்கியவனின் தொடை உரியும், மற்றவனின் கணுக்கால் போகும். அதனால் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு நான் சறுக்கக் கற்பிப்பதேயில்லை. உடம்பைப் பக்கவாட்டாகத் திருப்பி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எதிராளி பந்தைக் காலிலிருந்து ஓரடி விலக்கும்வரை பொறுத்து நின்று, பிறகு பந்தின் நடுவில் காலை வைக்கக் கற்பிக்கிறேன். அந்தப் பொறுமை வருவதற்கு ஒரு தவணை முழுவதும் எடுக்கும். பந்தெடுக்கத் தெரியாதவன்தான் ஆளை எடுக்கிறான்.

வேண்டுமென்று செய்வதும் இருக்கிறது. கோணர் உதைக்கு நிற்கும்போது ஜேர்சியைப் பிடித்து இழுப்பது, கால்விரலில் மிதிப்பது, தலையால் அடிக்க எழும்பும்போது முழங்கையை முன்னால் விடுவது. இவற்றைவிடக் கூடுதலாகக் காயப்படுத்துவது வாய். தாயைப் பற்றி, சகோதரியைப் பற்றி, ஊரைப் பற்றி, சாதியைப் பற்றி, தகப்பன் செய்யும் தொழிலைப் பற்றிப் பிள்ளைகள் காதுக்குள் சொல்கிறார்கள். யுத்தத்தால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வருடக்கணக்காக நலன்புரி முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளும் எங்கள் மைதானங்களில் விளையாடினார்கள். அவர்களை “முகாம்” என்று கூப்பிட்டுச் சீண்டியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பதினைந்து வயதில் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு ஒருவன் எப்படி நிற்பான்? திருப்பி அடித்தவனைத் தண்டிக்கும்போது இதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை. முதலாவது ஆளையும் தேடிப் பிடிக்கச் சொல்கிறேன். புண்படுத்தும், இழிவுபடுத்தும் பேச்சுக்கும் சிவப்பு அட்டைதான் என்று சட்டத்தில் இருக்கிறது. கேட்டும் கேளாததுபோல் போகிற நடுவர்தான் அடுத்த அடிக்கு இடம் கொடுக்கிறார்.

சட்டம் என்றவுடன் பிள்ளைகள் அதைப் பெரியவர்களின் சங்கதி என்று நினைக்கிறார்கள். மழை பெய்து மைதானம் நனைந்த நாள்களில் வகுப்பறையில் வைத்து 12ஆவது விதியைப் படிப்பிக்கிறேன். விதி தவறை மூன்று படியாகப் பார்க்கிறது. கவனமில்லாமல் மோதினால் உதை மட்டும் எதிரணிக்கு. மற்றவனுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள். தேவைக்கு மிஞ்சிய பலத்தோடு போனாலோ அவன் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தாலோ சிவப்பு. “பந்திலைதான் சேர் கால் பட்டது” என்ற வாதம் இந்த மூன்றாவது படியில் எடுபடாது. பிள்ளைகளை மிகவும் திடுக்கிட வைக்கும் வரி இன்னொன்று: பந்துக்குப் போட்டியிடாத நேரத்தில் மிஞ்சிய பலத்தைப் பாவித்து அடிக்க முயன்றாலே வெளியேற்றம், அடி படவேண்டும் என்றில்லை. “படேல்லையே சேர்!” என்று அழுதுகொண்டு வெளியே வரும் பொடியனுக்கு அந்த இடத்தில் ஆறுதல் சொல்ல என்னால் முடியும், விதியை மாற்ற முடியாது. ஆகவே முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அட்டைகளின் கதையும் அவர்களுக்குப் பிடிக்கும். 1962 உலகக் கிண்ணத்தில் சிலிக்கும் இத்தாலிக்கும் சந்தியாகோவில் நடந்த ஆட்டம் உதைபந்து வரலாற்றின் மிக மோசமான அடிபாடுகளில் ஒன்று. அதற்கு விசில் ஊதியவர் கென் அஸ்ரன் என்ற ஆங்கிலேயர். 1966இல் இங்கிலாந்துக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் நடந்த காலிறுதியில் யார் எச்சரிக்கப்பட்டார், யார் வெளியேற்றப்பட்டார் என்பதிலேயே குழப்பம் வந்தது. நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்த அஸ்ரன், லண்டனில் கார் ஓட்டிப் போகும்போது வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு என்று யோசித்தார். 1970 மெக்சிக்கோவில் அட்டைகள் முதல்முறையாக உலகக் கிண்ணத்துக்கு வந்தன. அவர் தொழிலால் பள்ளிக்கூட ஆசிரியர், தலைமையாசிரியராக இருந்தவர். முரட்டு ஆட்டத்துக்கு உலகம் முழுவதற்கும் புரிகிற மொழியொன்றைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் பயிற்சியின் நடைமுறைக்கு வருகிறேன். திருப்பி அடிக்கப்போகிறவனை அடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். அடையாளம் கண்ணில்தான் இருக்கிறது. நல்லாய் விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று பந்தைப் பார்ப்பதை விட்டு எதிராளியின் முதுகிலுள்ள இலக்கத்தைத் தேடத் தொடங்குவான். பந்து இல்லாத பக்கம் ஓடுவான். சொக்ஸை இழுத்துவிடுவான், நிலத்தில் துப்புவான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். வலயப் போட்டியொன்றில் என் வலதுபக்க முன்வரிசைக்காரனை எதிரணியின் பின்வரிசைப் பொடியன் ஒருவன் திரும்பத் திரும்பக் கணுக்காலில் தட்டினான். விசில் வரவில்லை. என் பிள்ளையின் கண் பந்தை விட்டுப் போனதைக் கண்டவுடன் அவனை இடதுபக்கத்துக்கு மாற்றினேன். நாற்பது மீற்றர் தூரம் இருவருக்கும் இடையில் வந்தது. அங்கே அவனைத் தட்ட ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் பந்தைத் தேடி ஓடத் தொடங்கினான். அணியின் அமைப்புக் கொஞ்சம் குழம்பியது உண்மை. ஆனால் பதினொரு பேரோடு ஆட்டத்தை முடித்தோம்.

பக்கம் மாற்றியும் அடங்காதவனை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆட்டம் நிற்கும் அடுத்த கணத்திலேயே எடுக்கவேண்டும், யோசித்துக்கொண்டிருக்கக்கூடாது. வெளியே வந்தவனைப் பேசக்கூடாது. தண்ணிப் போத்தலைக் கொடுத்து வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருத்துவேன். “உன்னிலை பிழையில்லை, உன்னைக் காப்பாத்தத்தான் எடுத்தனான்” என்று சொல்லுவேன். அதைக் கேட்டுப் பல பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள்.

இவ்வளவும் ஆட்ட நாளில் செய்வது. அடி வாங்கினால் என்ன செய்வது என்பதைப் பயிற்சி நாளிலேயே உடம்புக்குப் பழக்கவேண்டும். கோல் அடிக்கப் பழக்குகிறோம், தலையால் அடிக்கப் பழக்குகிறோம். விழுத்தப்பட்டவன் எழும்பும்போது என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் “கோபப்படாதை” என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறோம். கோபம் வரத்தான் செய்யும், அதைத் தடுக்க என்னால் முடியாது. கையும் காலும் என்ன செய்யும் என்பதைப் பழக்கலாம். பயிற்சி ஆட்டத்தில் ஒருவனை இரகசியமாகக் கூப்பிட்டு, இன்னாரின் ஜேர்சியை இழு, தோளால் இடி என்று சொல்லிவிடுவேன், காயம் வராத அளவுக்கு. விசில் ஊதமாட்டேன். இழுபட்டவன் எழும்பி, தன் ஜேர்சியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் கோல் பக்கம் திரும்பி நடக்கவேண்டும். கை ஜேர்சியில் இருந்தால் இன்னொருவனின் நெஞ்சுக்குப் போகாது. முகம் தன் கோலைப் பார்த்தால் எதிராளியின் சிரிப்புக் கண்ணில் படாது. முதல் கிழமைகளில் எல்லாரும் சிரிப்பார்கள். தவணை முடிவில் சொல்லாமலே கை ஜேர்சிக்குப் போகும்.

ஒவ்வொருவனுக்கும் ஒரு துணையாளும் வைத்திருக்கிறேன். கொழுவல் வந்தால் துணையாள் ஓடிவந்து தன் கூட்டாளியைத்தான் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுக்கவேண்டும், எதிரணிக்காரனைத் தொடவே கூடாது. சமாதானம் பண்ண வந்தவன் எதிராளியைத் தள்ளியதால் மூண்ட அடிபாடுகள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அணித் தலைவனைத் தெரிவுசெய்யும்போதும் திறமையை இரண்டாவதாகவே பார்க்கிறேன். அடி வாங்கியும் நடுவரிடம் “சேர், அந்த ஆறாம் நம்பரைக் கொஞ்சம் பாருங்கோ” என்று தணிந்த குரலில் சொல்லக்கூடியவன் எவனோ அவனே தலைவன்.

பெண்கள் அணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மகாஜனாவின் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் பெயரெடுத்தபின் வடக்கில் பெண்கள் உதைபந்து வேரூன்றிவிட்டது. இந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்தால் வெளியே நிற்பவர்கள், “பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது தேவையோ” என்கிறார்கள். ஆண் பிள்ளை இடித்தால் வீரம் என்றும் பெண் பிள்ளை இடித்தால் அடக்கமின்மை என்றும் சொல்வது அநியாயம். விதி இருவருக்கும் ஒன்றே. இடித்தவளுக்கு உரிய அட்டையைக் கொடுத்துவிட்டு அவளை விளையாட விடுங்கள்.

விசில் பிடிக்கும்போது எனக்கிருந்த ஒரே நம்பிக்கை, முதல் பத்து நிமிடத்தில் ஊதப்படும் விசில்தான் கடைசிப் பத்து நிமிடத்தைக் காக்கும் என்பது. பெரியவர்களின் ஆட்டத்தில் அனுகூல விதியைப் பாவித்து ஆட்டத்தை ஓடவிடுவது அழகு. பிள்ளைகளின் ஆட்டம் சூடாகும்போது அது ஆபத்து. விழுந்து கிடப்பவனுக்கு அனுகூலம் தெரியாது, தனக்கு நடந்ததை ஒருவரும் காணவில்லை என்றுதான் தெரியும். விசில் கேட்டால் பாதிக் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். பந்து போனபிறகும் ஒரு கணம் பழைய இடத்தைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் கள்ள அடி பந்து போனபிறகே விழுகிறது. கோணர் உதைக்கு முன் இழுபறி தொடங்கினால் உதையை நிறுத்தி, இருவரையும் கூப்பிட்டு, பெயரைக் கேட்டுப் பேசினால் பாதி அடங்கிவிடும். தன் பெயர் தெரிந்த நடுவருக்கு முன்னால் பிள்ளை கொஞ்சம் கூச்சப்படுவான்.

இளையோர் ஆட்டங்களுக்கென்று 2017இல் சர்வதேச விதிச் சபை ஒரு வழி திறந்துவிட்டது. மஞ்சள் அட்டைக் குற்றத்துக்குச் சில நிமிடங்கள் வெளியே இருத்திவிட்டு மறுபடி உள்ளே விடலாம். வெளியே போன பிள்ளையைத் திருப்பி மாற்றாக இறக்கவும் இளையோர் போட்டிகளில் இடமுண்டு. எங்கள் பதினான்கு, பதினாறு வயதுப் போட்டிகளை நடத்துகிறவர்கள் இவற்றை யோசிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். சூடேறிய பிள்ளைக்குத் தேவை அந்தச் சில நிமிடங்கள்தான். தலையில் முழங்கை பட்ட பிள்ளையை மட்டும் எந்த விதியைச் சொல்லியும் திருப்பி இறக்கக்கூடாது. தலைசுற்று, வாந்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு நான் என்ன பயிற்சி கொடுப்பேன்? ஒரு பிள்ளையை நான் மாதக்கணக்காகப் பழக்கியிருந்தேன். நல்ல நடுக்களக்காரன். அரையிறுதியில் அவனை விழுத்தினார்கள். எழும்பினான், கை ஜேர்சிக்குப் போனது, கோல் பக்கம் திரும்பினான். அந்த நேரம் கோட்டோரம் நின்ற தகப்பன், “விடாதையடா, திருப்பிக் குடடா!” என்று கத்தினார். பிள்ளை தகப்பனைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பிறகு போய் அடித்தான். இறுதியாட்டத்தை அவன் சாதாரண உடுப்போடு பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தான். தகப்பன் என்னிடம் வந்து, “நடுவர் சரியில்லை மாஸ்டர்” என்றார். “அண்ணை, அவன் திரும்பி நடந்தவன். நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள்” என்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் போனார். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என்னை வருத்துகிறது. தகப்பன் சொல்லைக் கேட்பதா, பயிற்சியைக் கேட்பதா என்று பதினைந்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்துவது கொடுமை.

2014 மார்ச்சில் ‘வடக்கின் பெரும்போர்’ என்று சொல்லப்படும் பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டத்தின்போது பார்வையாளர்களிடையே மூண்ட மோதலில் ஓர் இளைஞன் உயிரிழந்தான். பட் பிடித்தவனோ பந்து எறிந்தவனோ அவனைத் தொடவில்லை. பார்க்க வந்தவர்களுக்குள் மூண்ட சண்டை அது. யுத்தம் முடிந்து ஐந்து வருடமாகாத நேரத்தில், விளையாட்டுப் பார்க்கப் போன பிள்ளையை இழந்தது ஒரு குடும்பம். உதைபந்துக்காரர் அதைக் கிரிக்கெட்டின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் மின்னொளி ஆட்டங்களிலும் கோடு தாண்டி உள்ளே வரும் கால்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்தபிறகும் வேலை இருக்கிறது. கை குலுக்கியவுடன் இரண்டு அணியையும் ஒரே வாசலால் விடக்கூடாது. வான்கள் வெவ்வேறு பக்கம் நிற்கவேண்டும். பிரச்சினை நடந்திருந்தால் அடுத்த நாளே மற்றப் பாடசாலையின் ஆசிரியரோடு கதைக்கவேண்டும். நாங்கள் சிலர் இப்படிக் கதைத்து, கொழுவிய இரு அணிகளையும் ஒரு பின்னேரம் ஒரே மைதானத்துக்குக் கூப்பிட்டு, ஆளை மாற்றிக் கலந்து விளையாட விட்டிருக்கிறோம். அடித்தவனும் வாங்கியவனும் ஒரே நிற ஜேர்சியில் நின்று பந்து கொடுத்து வாங்கவேண்டிவரும். முதலில் கொடுக்கமாட்டார்கள். கோல் அடிக்கவேண்டும் என்ற ஆசை கடைசியில் வெல்லும். பகையை ஒரே நாளில் அது தீர்த்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த ஆட்டத்தில் நெஞ்சில் தள்ளுவதற்கு முன் ஒரு தயக்கத்தைக் கொண்டுவந்தது. எனக்கு அது போதும்.

பெற்றோர்களே, பழைய மாணவர்களே, கழகப் பெரியவர்களே, உங்களிடம் கேட்பது பெரிய விஷயமல்ல. கோட்டிலிருந்து நாலடி தள்ளி நில்லுங்கள். திருப்பி அடித்த பிள்ளையை அன்றிரவு தோளில் தட்டிப் புகழாதீர்கள். நடுவரில் குறையிருந்தால் எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடுக்க நாங்கள் உதவி செய்கிறோம். உங்கள் பிள்ளையை யாராவது விழுத்தினால் அவனுடைய பெயரைச் சொல்லி, “எழும்பு தம்பி, விளையாடு” என்று மட்டும் கூப்பிடுங்கள். மிச்சத்தை அவனுக்கு நாங்கள் பழக்கியிருக்கிறோம்.